கால் முளைத்த கம்புகள்

அத்தியாயம் ஏழு

மூன்றாவது நாளாகக் கம்புகள் இடம் மாறி நின்றன.

நேற்று மாலை சங்கத்து ஆட்கள் மேட்டின் நட்டநடுவில் நட்டுவிட்டுப் போன கம்புகள் இவை. சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டி, இழுத்து இழுத்துப் பார்த்து, போதாதென்று மேட்டடியில் நின்று ஆளுக்கொரு பீரும் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தார்கள். விடிந்து பார்த்தால் அத்தனை கம்பும் இடப் பக்கம் நகர்ந்து, ஒன்றும் அறியாத பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

பாவோ கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று காலை வைத்தான். கால் போனது. ஷூ திரும்பி வரவில்லை.

"பாஸ், இதை நிலம்னு சொல்லி வரி வேற வாங்கறாங்களா? ஸ்பூன் இருந்தா குடிச்சிடலாம் போலிருக்கு."

"ஷூவைத் தேடு. அப்புறம் பேசு," என்றாள் ஆல்மா.

ஆல்மா ரைக்கவார்ட் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, ரப்பர் பூட்ஸ் போட்டவள், இந்த ஸ்டேன்ஹூக் கிராமத்தில் பிறந்தவள். பாவோ அந்த நிறுவனத்தின் ஒரே ஊழியன், தோல் ஷூ போட்டவன், கடற்கரை ஓஸ்டெண்டில் இறால் வறுவல் தின்று வளர்ந்தவன். வறுவல் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம் என்று கேள்விப்பட்டுத்தான் அவன் இந்த வேலைக்கே சேர்ந்தான்.

"முதல் நாள் இடப் பக்கம். மறுநாள் வலப் பக்கம். இன்னிக்கு மறுபடி இடப் பக்கம்," என்றான் பாவோ, கையை முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவியபடி. "இப்படி ஆடாம ஒரே பக்கமா போயிருந்தா இந்நேரம் எல்லையைத் தாண்டி பிரான்சுக்கே போயிருக்கும். வழக்கு பிரெஞ்சு போலீசோடது. நாம வீட்ல தூங்கியிருக்கலாம்."

ஆல்மா ஒரு கம்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதைக் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேற்றுச் சைக்கிள் பந்தயம் என்றால் பாதி தூரம் சைக்கிள் மேல் மனிதன், மீதி தூரம் மனிதன் மேல் சைக்கிள். அந்த இரண்டாவது பாதியைப் பார்க்கத்தான் சனம் நவம்பர் மழையில் குடையோடு நிற்கும். அதற்கு ஒரு மேடு வேண்டும். மேடு இல்லாவிட்டால் அது வெறும் மாட்டுத் தொழுவத்தில் சைக்கிள் விடுவது. ஸ்டேன்ஹூக்கின் 'ஈரக்காலுறை' சைக்கிள் சங்கத்துக்கு வருஷக் கணக்காக ஒரு நல்ல மேடு இருந்தது. அந்த இடத்தில் இப்போது சோபா விற்கும் கிடங்கு எழும்பிவிட்டது. "இனிமே சோபா மேலதான் ஏறி இறங்கணும்," என்று கமிட்டிக் கிழவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சங்கத்துக்குத் தலைவியாக வந்தவள் விவினா. ஸ்டேன்ஹூக் சங்கத்துக்கு முதல் பெண் தலைவி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். புது இடத்தைத் தேடிப் பிடித்தது அவள், பாதை வரைந்தது அவள், ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்ததும் அவள்தான்.

ஞாயிறு என்பது நாளை.

வயல் ஓரத்தில் மஞ்சள் பஸ் நின்றிருந்தது. அதிலிருந்து விவினா ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். தூங்கி நாளான முகம்.

"ஆல்மாக்கா, பாத்தீங்களா? பதினோரு மணிக்குச் சைக்கிள் கூட்டமைப்பு ஆய்வாளர் வர்றாரு. பாதை வரைபடத்துல இருக்கிற இடத்துல இல்லன்னா அவ்வளவுதான். திருப்பி நட்டுக் காட்டினாலும், 'நாளைக்குக் காலைல எங்க இருக்கும்'னு ஒரு கேள்வி கேட்டாருன்னா நான் என்ன சொல்ல?"

"பந்தயம் நின்னா?"

"அடுத்த வருஷம் தேதி பக்கத்து ஊருக்குப் போயிடும். சங்கத்தையும் அவங்களோட சேர்த்துடலாம்னு கமிட்டில எழுதியே வச்சிட்டாங்க. ஈரக்காலுறைன்னு ஒரு சங்கம் இருந்துச்சு, ஒரு பொம்பளை கையில கொடுத்தாங்க, போயிடுச்சுன்னு ஆயுசுக்கும் சொல்லுவானுங்க." அவள் தட்டை பாவோவிடம் நீட்டினாள். "தம்பி, எடுத்துக்க. ஆப்பிள் கேக்கு."

பாவோ சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டான். கண் அகலமாயிற்று.

"அக்கா! இதுல ஜெனீவர் சாராயம் ஊத்தியிருக்கீங்களா?"

"பஸ் ஓட்டறவ நான். கிளாஸ்ல ஊத்திக்க முடியுமா? கேக்குலதான் ஊத்திக்கணும்."

"தெய்வமே," என்றான் பாவோ, இன்னொரு துண்டை எடுத்தபடி.

"யார் மேல சந்தேகம், விவினா?" என்றாள் ஆல்மா.

"வேற யாரு? பக்கத்து ஊர்க்காரனுங்கதான். அங்க போய் விசாரிங்க." பிறகு, கொஞ்சம் தயங்கி, "நிலத்துக்காரங்களை மட்டும் தொந்தரவு பண்ணிடாதீங்கக்கா. பாவம், வயசானவங்க," என்றாள்.

ஆல்மாவை இந்த வழக்குக்கு அழைத்தது கமிட்டிக்காரர்கள்தான். துப்பறிகிறவர்கள் எல்லாம் எதற்கு, நாமே ஆள் போட்டுக் காவல் காக்கலாம் என்று விவினா சொல்லிப் பார்த்திருந்தாள். காவலுக்கு நின்ற இருவரும் பீர்க் கூடாரத்தையே காவல் காத்துக்கொண்டு அங்கேயே தூங்கிப்போனது தனிக் கதை.

விவினா பஸ்ஸுக்குத் திரும்பியதும் பாவோ சொன்னான். "பாஸ், பக்கத்து ஊர்தான். கிளம்பலாம். அங்க ஒரு வறுவல் கடை இருக்கு, மாட்டுக் கொழுப்புல பொரிக்கிறான்."

"பாவோ, நீ ஒரு பந்தயத்தைக் கெடுக்கணும்னா கம்பை என்ன பண்ணுவே?"

"பிடுங்கி வாய்க்கால்ல போடுவேன்."

"இந்த ஆளு பிடுங்கி, தூக்கிட்டுப் போய், நேரா நட்டு, அடிச்சு இறக்கி, நாடாவை நம்ம சங்கத்து ஆளுங்களைவிட இறுக்கமா கட்டியிருக்கான். இது கெடுக்க வந்தவன் வேலையா? மாப்பிள்ளை அழைப்புக்குப் பந்தல் போடறவன் மாதிரியில்ல போட்டிருக்கான்?"

பாவோ வாயிலிருந்த கேக்கை விழுங்கினான். "அப்ப யாரோ நல்லவன்தான் திருடியிருக்கான்னு சொல்றீங்க."

"இங்க வா. இந்தக் கம்புல நாடாவைக் கீழேருந்து மேல மூணு சுத்து சுத்தியிருக்கு பாரு. அது மேல விரலை வச்சுக்கிட்டு, கம்பைச் சுத்தி நட."

"மேலேருந்து யாராவது பார்த்தா?"

"பார்த்தா எனக்கென்ன? மானம் உன்னோடது. நட."

பாவோ ஒற்றை ஷூவோடு கம்பைச் சுற்றி நடந்தான். விரல் நாடாவோடு ஏறியது.

"எந்தப் பக்கம் சுத்தறே?"

"கடிகாரம் போற பக்கம்."

"இப்ப கீழ வா. மேட்டடியில, வளைவுல நிக்கிற கம்பு. அதை நேத்து சங்கத்து ஆளுங்க தொடலை. முந்தின ராத்திரி நகர்த்தினவன் கட்டினது அப்படியே இருக்கு. இதைச் சுத்து."

பாவோ சுற்றினான். பாதியில் நின்றான். "பாஸ், இது எதிர்ப்பக்கம் போகுது. எனக்கு இப்ப ரெண்டு பக்கமும் தலை சுத்தி ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு."

ஆல்மா எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. அவளுக்கு ஏதாவது பிடிபட்டால் மூக்கு நுனி சிவக்கும். பாவோ நான்கு வருஷமாகப் பார்க்கிறான்.

"சின்ன வயசுல பள்ளிக்கூடம் லீவு விட்டா எங்களை எல்லாம் ஹாப்ஸ் தோட்டத்துக்குத்தான் அனுப்புவாங்க. பீருக்குக் கசப்பு எங்கேருந்து வருதுன்னு நினைச்சே? அந்தக் கொடி முளைச்சதும் ஒவ்வொண்ணா கயித்துல சுத்தி விடணும். கடிகாரம் போற பக்கமாத்தான் சுத்தணும். மாத்திச் சுத்தினா மறுநாளே தன்னைத் தானே அவுத்துக்கிட்டுத் தரையில கிடக்கும். தோட்டக்காரர் வந்து காதைத் திருகுவாரு. அப்படிப் பழகின கை, கம்புல எதைக் கட்டினாலும் அந்தப் பக்கம்தான் போகும்."

"சரி, மேல கட்டினது ஹாப்ஸ் கை. கீழ கட்டினது?"

"அது வேற கை."

"ஒரே ஆளு, ஒரு நாள் குடிச்சிட்டு, ஒரு நாள் குடிக்காம?"

"வா. முதல் கையைப் பார்த்துட்டு வந்துடலாம்."

மேட்டின் இடப் பக்கம் ஆகீல் மார்கேயின் ஹாப்ஸ் தோட்டம். அறுவடை முடிந்து, உயரமான மரக்கம்பங்களும் கம்பிகளும் மட்டும் வெறிச்சென்று நின்றன. ஆகீல் உலர்த்தும் கொட்டகையில் கம்பிச் சுருளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். உரல் போல உடம்பு. வரவேற்பில் குறையில்லை. மேஜையில் காப்பி வந்தது, கூடவே ஒரு கேக்கும் வந்தது. பாவோ கேக்கோடு ஒதுங்கிக்கொண்டான்.

"அண்ணே, ஒரு உதவி," என்றாள் ஆல்மா, கைப்பையிலிருந்து நாடாவை எடுத்து. "இதை அந்தக் கொம்புல கொஞ்சம் கட்டிக் காட்டுங்க. எனக்கு இடுப்பு வளையல."

ஆகீல் வாங்கினார். கீழிருந்து மேலே, கடிகாரம் போகும் பக்கமாக, மூன்று சுற்று. முடித்து ஒரு தட்டுத் தட்டினார்.

"பிடிச்சாச்சு!" என்றான் பாவோ, வாய் நிறையக் கேக்கோடு.

"என்னத்தப் பிடிச்சே?" ஆகீலின் கழுத்து சிவந்தது. "என் நிலத்துல நான் கம்பு நட்டா உனக்கென்னடா? முதல் நாள் கொண்டாந்தேன். அந்தப் பய வந்து அவன் பக்கம் இழுத்துட்டுப் போனான். நேத்து திரும்பக் கொண்டாந்தேன். போன மாட்டைப் புடிச்சுக் கட்டறது தப்பா?"

"எந்தப் பய, அண்ணே?"

"அவன் பேரைச் சொன்னா காப்பி கெட்டுப் போயிடும்."

"சரி, அவன் வேண்டாம். கம்பு எதுக்கு உங்களுக்கு?"

ஆகீல் கொட்டகை வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் ஒரு வெட்கம் வந்து உட்கார்ந்தது. "மேட்டுல ஏறுற பாதை யார் நிலத்துல போகுதோ, அவரு பேருதான் மேட்டுக்கு. 'ஆகீல் மேடு'. கறுப்புப் பலகையில வெள்ளை எழுத்து, மாதா கோயில் மணிக்கூண்டுல நின்னாலும் படிக்கலாம். நாளைக்கு ஒலிபெருக்கிக்காரன் பூரா நாளும் என் பேரைச் சொல்லுவான். எல்லாரும் என் மேல ஏறி விழுவாங்க."

"இதைச் சொன்னது யாரு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

வெளியே வந்ததும் பாவோ விரலை நக்கினான். "பாஸ், 'அந்தப் பய' யாரு?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓடீல் தெஸ்மைட்டர். ரெண்டு பேரும் சகலப்பாடிங்க. அக்காவைக் கட்டினது இவரு, தங்கச்சியைக் கட்டினது அவரு. மாமனாரு சாகும்போது எல்லாத்தையும் சரிசமமா பிரிக்கிறேன்னு இந்த மேட்டையும் நடுவுல கோடு போட்டுப் பிரிச்சுட்டாரு. அடக்கம் முடிஞ்சு காப்பி குடிக்க உக்காந்த மேஜையிலேயே சண்டை. அன்னியோட பேச்சு நின்னுது."

"பொண்டாட்டிங்க?"

"அவங்க தினம் ஃபோன்ல பேசிக்கறாங்க. இந்த ரெண்டும் ஒருத்தர் மேல ஒருத்தர் சொல்ற வசவு எல்லாம் அது வழியாத்தான் போய்ச் சேருது."

ஓடீல் வீட்டுக்குப் போகும் வழியில் பாவோ நிறைய யோசித்தான். தன் நிலத்தில் ஊரான் கால் படக் கூடாது என்று கம்பைத் தள்ளி வைக்கும் மனிதர்களை அவன் பார்த்திருக்கிறான். வேண்டும் வேண்டும் என்று இழுத்துப் பிடிக்கும் திருடனை இப்போதுதான் பார்க்கிறான்.

ஓடீல் கொல்லையில் அவரைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நெட்டையான, எலும்பான மனிதர். காய்ந்த கொடிகள் இன்னும் கொம்புகளைக் கட்டிப் பிடித்திருந்தன. பாவோ யாரும் சொல்லாமலே ஒரு கொம்பின் மேல் விரலை வைத்துச் சுற்றி நடக்க ஆரம்பித்தான்.

"இந்தத் தம்பிக்கு உடம்புக்கு என்ன?" என்றார் ஓடீல்.

"எதிர்ப்பக்கம், பாஸ்!" என்று பாவோ கத்தினான். "அவரைக்கொடி கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்துது!"

ஓடீல் கையிலிருந்த கொம்பைக் கீழே வைத்தார். இவரிடம் நாடா, நாடகம் எதுவும் தேவைப்படவில்லை. "ஆமா, நான்தான். அந்தத் தடியன் அனுப்பினானா உங்களை? அவனுக்கு மேட்டைப் பத்தி என்ன தெரியும்? நல்ல சேறு என் பக்கம்தான் இருக்கு. அவன் பக்கம் புல்லு. நீங்களே சொல்லுங்கம்மா, புல்லுல யாராவது விழுவாங்களா?"

"விழ மாட்டாங்க. பேரு வைக்கிறாங்களாமே?"

ஓடீலின் கண் பளிச்சிட்டது. "'ஓடீல் மேடு'! கறுப்புப் பலகையில வெள்ளை எழுத்து, மாதா கோயில் மணிக்கூண்டுல நின்னாலும் படிக்கலாம்."

ஆல்மாவின் மூக்கு நுனி பழமாகச் சிவந்தது. "யாரு சொன்னாங்க?"

"அது மட்டும் கேக்காதீங்க. சத்தியம் பண்ணியிருக்கேன். உள்ள வாங்க, கேக்கு இருக்கு."

சமையலறையில் பாவோ ஒரு துண்டை வாயில் வைத்தான். மெல்லவில்லை. முட்கரண்டி நடுவழியில் அப்படியே நின்றது. அவன் சாப்பாட்டின் நடுவே நின்று ஆல்மா பார்த்ததேயில்லை.

"என்ன, எலும்பா?"

"பாஸ்," என்றான் பாவோ மெதுவாக. "ஜெனீவர்."

"மணி பத்தரைகூட ஆகலை."

"கேக்கறேன்னு நினைச்சீங்களா? கேக்குல இருக்கு பாஸ். இங்க இருக்கு. ஆகீல் கொட்டகையில இருந்துச்சு. காலைல வயல்லயும் இருந்துச்சு. இன்னிக்கு மூணு வீட்டுக் கேக்கு சாப்பிட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன். மூணும் ஒரே வீடு!"

ஆல்மா தன் துண்டையும் அவன் பக்கம் நகர்த்தினாள். "பாவோ, உன் வயித்துக்குத் தனியா சம்பளம் போடணும்."

"அதுக்குத்தான் முழுசா போகுது."

வயலில் விவினா தனியாளாகக் கம்புகளைப் பிடுங்கி நடுக்கோட்டில் மறுபடி நட்டுக்கொண்டிருந்தாள். சுத்தியல் அவள் தோளுக்கு மேல் போய்ப் போய் வந்தது. ஆல்மா பக்கத்தில் போய் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்புப் பலகையில வெள்ளை எழுத்தா, விவினா?"

சுத்தியல் மேலேயே நின்றது.

"மணிக்கூண்டுலேருந்தே தெரியுமாமே," என்றான் பாவோ. "கண்ணாடி போட்டுக்கிட்டா, போடாமலா?"

விவினா சுத்தியலைக் கீழே போட்டாள். அழவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் அவள் மேலேயே.

"நான் என்னக்கா பண்ணுவேன்? ஊர்ல இருக்கிறது ஒரே மேடு. அதுல பாதி இவன், பாதி அவன். அவன் தர்றதா இருந்தா நான் தர மாட்டேன்னு இவன். இவன் தர்றதா இருந்தா நான் தர மாட்டேன்னு அவன். கமிட்டில உக்காந்து சிரிக்கிறானுங்க, 'என்னம்மா, மேடு கிடைச்சுதா'ன்னு. தினம் சிரிக்கிறானுங்க. ஒரு நாள் கேக்கு சுட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் போய், 'இன்னொருத்தர்கிட்ட சொல்லிடாதீங்க, மேட்டுக்கு உங்க பேர்தான்'னு சொல்லிட்டேன். பேசிக்கவே மாட்டாங்களே, எப்படித் தெரியப் போகுதுன்னு நினைச்சேன். கம்பைத் தூக்கிட்டு ஓடுவாங்கன்னு கண்டேனா?"

"பந்தயம் முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டு, பஸ்ஸை எடுத்துட்டு எங்கயாவது போயிடலாம்னு இருந்தேன்."

"ரெண்டு பேர்கிட்டயுமா?" என்று இடப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ரெண்டு பேர்கிட்டயுமா?" என்று வலப் பக்கமிருந்து இன்னொன்று கேட்டது.

ஆய்வாளர் வரும் நேரம் என்று குளித்து, தலைவாரி, சர்ச்சுக்குப் போகும் கோட்டு மாட்டிக்கொண்டு சகலைகள் இருவரும் மேட்டின் இரண்டு பக்கமும் வந்து நின்றிருந்தார்கள். பாவோவுக்கு அந்தக் கணம் தன் இரண்டாவது ஷூவும் சேற்றில் போனால்கூடப் பரவாயில்லை, ஓடிவிடலாம் என்று தோன்றியது. யாரும் எதுவும் சொல்வதற்குள் வயல் வாசலில் கார் வந்து நின்றது.

ஆய்வாளர் காஸ்பார் தித்தேகா பெரிய சரீரம். மேலே சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, புத்தம் புதிது. பரம்பரையாக மாட்டுத் தரகு செய்த குடும்பம். அதனால் காகிதத்தை நம்ப மாட்டார். நிலத்துக்காரன் சந்தையில் அடிப்பது போல உள்ளங்கையில் ஓங்கி அடித்து 'சரி' என்றால்தான் அவருக்குச் சரி.

வளைவுகளைப் பார்த்தார். தாண்டுகிற பலகைகளைப் பார்த்தார். சைக்கிள் மாற்றுகிற இடத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். விவினா மூச்சு விடாமல் பின்னால் நடந்தாள்.

"மேடு," என்றார்.

ஏறினார். கோட்டின் நுனியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உச்சி வரைக்கும் போய்விட்டார். அங்கே திரும்பி, ஊரைப் பார்த்து, "பரவாயில்லையே," என்று சொல்ல வாயைத் திறந்தார். 'பரவா' மேலே கேட்டது. 'யில்லையே' கேட்கவேயில்லை. அவர் உட்கார்ந்த வாக்கில் மேடு முழுவதும் சறுக்கி, அடியில் இருந்த வாய்க்காலில் இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கோட்டின் நிறம் என்ன என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

யாரும் சிரிக்கவில்லை. பாவோ கூடச் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"இந்த மேடு," என்றார் ஆய்வாளர் வாய்க்காலில் இருந்தபடியே, "யாரோடது?"

"அவனோடது," என்றார் ஆகீல்.

"அவனோடது," என்றார் ஓடீல்.

மாமனார் போன நாளிலிருந்து என்னுடையது என்னுடையது என்று மல்லுக்கு நின்ற மேடு அது. ஒரே வினாடியில் அநாதை ஆயிற்று.

ஆய்வாளர் எழுந்தார். வழிந்த சேற்றைக் கையால் ஒதுக்கினார். "இருபது ஊர் மேடு ஏறியிருக்கேன். என்னை முழுசா கீழ கொண்டாந்து விட்ட மேடு இதுதான். இதைவிட நல்ல மேடு எனக்குத் தெரியாது." சகலைகள் இருவரும் சட்டென்று தலை நிமிர்ந்தார்கள். "ஆனா சொந்தக்காரன் இல்லாத நிலத்துல நான் பசங்களை ஏத்த மாட்டேன். யாராவது கையில அடிச்சு சரின்னு சொல்லணும். இல்லன்னா பந்தயம் இல்ல." உள்ளங்கையை நீட்டினார்.

கை காற்றில் நின்றது. ஆகீல் ஓடீலைப் பார்த்தார், ஓடீல் விவினாவைப் பார்த்தார். ஆல்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், விவினா முந்திக்கொண்டாள்.

"அவங்களைக் கேக்காதீங்க, ஐயா. தப்பு என்னோடது. மேட்டுக்கு உங்க பேரு வைக்கிறேன்னு ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லித்தான் இந்த இடத்தை வாங்கினேன். அவங்க இப்ப முடியாதுன்னு சொன்னா அது நியாயம்தான். கமிட்டில நானே சொல்லிக்கறேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. பாவோ ஒரு கிண்டலாவது தேடிப் பார்த்தான். அகப்படவில்லை.

ஆகீல் தொண்டையைச் செருமினார். முகத்தைத் திருப்பாமல், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சகலை."

ஓடீல் தூக்கிவாரிப் போட்டது போல நிமிர்ந்தார். "என்ன?"

"உனக்கும் கேக்கு கொடுத்தாளா?"

"கொடுத்தா."

"ஜெனீவர் போட்டதா?"

"போட்டதுதான்."

"நம்ம மாமனாரு மேட்டைப் பாதியா பிரிச்சு நம்மளை ஏமாத்தினப்ப வெறும் காப்பிதான் கொடுத்தாரு," என்றார் ஆகீல்.

ஓடீலின் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பு என்று தெரிய நேரமாயிற்று. ஆகீலும் சேர்ந்துகொண்டார். ஆய்வாளர் ஒன்றும் புரியாமல் சேறு சொட்டச் சொட்ட நின்றார். நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. ஓடீல் தன் பக்கத்திலிருந்து இறங்கி வந்து அதில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அவர் கை விலகுவதற்குள் ஆகீல் அதன் மேலேயே இன்னொரு அடி அடித்தார்.

"சரி," என்றார்கள் இருவரும்.

"அப்ப பேரு?" என்றார் ஆய்வாளர், எரிந்த கையை உதறிக்கொண்டு. "ஒலிபெருக்கிக்காரன் கேப்பானே. ஆகீல் மேடா, ஓடீல் மேடா?"

சகலைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் பேசாதிருந்தவர்களுக்கு இதைப் பேசாமலே முடிவு செய்ய முடிந்தது.

"'விவினாவோட புளுகு'ன்னு போடுங்க," என்றார் ஓடீல்.

விவினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, வேண்டாம்! சனம் கேக்குமே. இந்தப் பேரு எதுக்குன்னு வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான். யார் பதில் சொல்றது?"

"நீதான் சொல்லணும்," என்றார் ஆகீல். "எங்களை ஏமாத்தினதுக்கு அதுதான் தண்டனை. இங்க, இந்த மேட்டடியில நின்னு சொல்லணும். வருஷா வருஷம்."

சோபாக் கிடங்கு வந்தபோது அழாதவள், கமிட்டி சிரித்தபோது அழாதவள், அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதாள்.